கூறைக்கு விட்ட ஒரு சாண் நூல்

என்னை முதன்முதலில் ‘அகராதி பிடிச்சவள்’ என்று வைதது என் அத்தை, அப்பாவின் அக்கா. திமிர் பிடித்தவள் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அத்தை அதை வசவாகச் சொன்னார். நான் பட்டமாக வாங்கிக்கொண்டேன். பொய் சொல்வானேன், அந்த வருஷம் என்னை நிஜமாகவே அகராதி பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் பின்பாதி. எனக்கு வயது பத்தொன்பது, கல்யாணமாகி ஒரு வருஷம். புருஷன் வீடு திருப்பூரிலேயே, அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு நேரே அம்மா வீட்டுக்கு வந்துவிடுவேன். அங்கே பின்கட்டில் அண்ணன் நாலு தையல் மிஷின் போட்டுப் பனியன் கம்பெனி நடத்தினான். கம்பெனி என்பது பெரிய பேச்சு. நாலு மிஷின், ஒரு கட்டிங் மேசை, முன்கூடத்தில் பிசிர் வெட்டுகிற நாங்கள் ஆறு பெண்கள், எங்களுக்குத் தலைவியாக அத்தை. அவ்வளவுதான்.

பிசிர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தைத்து வரும் பனியனில் கழுத்து, அக்குள், கீழ்மடிப்பு என்று தையல் முடிகிற இடத்திலெல்லாம் நூல் வால் ஒன்று தொங்கும். அதுதான் பிசிர். பனியனை உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிசிரைக் கத்திரித்து, மடித்து அடுக்க வேண்டும். எங்கள் இடுப்பில் நாடாவில் கட்டிய சின்னக் கத்திரி தொங்கும். அத்தைக்கு மட்டும் கத்திரி கிடையாது. இடதுகைப் பெருவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தார். நூலைச் சுட்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி நகத்தால் ஒரு வெட்டு, அவ்வளவுதான், நூல் போய்விடும். பேசிக்கொண்டே வெட்டுவார், சாப்பிட்டுக்கொண்டே வெட்டுவார், கோயில் வரிசையில் முன்னால் நிற்கிறவன் சட்டையில் தொங்கும் நூலையும் வெட்டியிருக்கிறார்.

மத்தியானம் கிளம்பினால் நான் நேரே வீடு போகமாட்டேன். வழியில் நூலகம். மற்றவர்கள் கதைப் புத்தகம் கேட்பார்கள். நான் இரவல் தராத தடித்த அகராதியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவேன். நூலகர் தலையைத் தலையை ஆட்டுவார். சினிமாவுக்குப் போகிறவர்கள் போகட்டும், எனக்கு ஒரு சொல்லின் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொருள் எண் போட்டிருப்பதைப் பார்த்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அப்போதுதான் அண்ணனுக்குக் கொமரலிங்கத்தில் பெண் நிச்சயமானது. நிச்சயமான நாளிலிருந்து வீட்டில் எந்நேரமும் ஒரே சொல். கூறை! கூறைக்குச் சொல்லோணும், கூறை அரக்கு நிறத்துல இருக்கோணும், கூறை வந்துருச்சா? மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் கல்யாணச் சேலைதான் கூறை. அதைக் கட்டிக்கொண்டுதான் பெண் தாலி வாங்குவாள். பிறந்ததிலிருந்து கேட்ட சொல். ஒருநாள் பிசிர் வெட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று உறைத்தது. சேலை இருக்கிறது, புடவை இருக்கிறது, அப்புறம் எதற்கு இதற்கு மட்டும் கூறை? கத்திரியைப் போட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினேன்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. முதலில் சின்ன ரகரத்தில் தேடி, ஓலையும் முகடுமாகக் குடிசைக்குள் போய் மாட்டிக்கொண்டேன். தலையில் குட்டிக்கொண்டு பெரிய றகரத்துக்கு வந்தேன். வந்தால், கூறை: ஆடை. அவ்வளவுதான்! கல்யாணம் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் பொருள் வெறும் உடுதுணி. யாருடைய துணியும் கூறைதான்.

எனக்கு முதலில் கோபம் வந்தது, நம் வீட்டுக் கூறையை யாரோ மட்டம் தட்டிவிட்டமாதிரி. அப்புறம் நாலைந்து நாள் வேறு புத்தகங்களைப் புரட்டப் புரட்ட, ஐயோ, என்ன சொல்வேன்! பழைய காலத்தில் வழிப்பறிக்காரன் பிரயாணியை மறித்துப் பறித்தது கூறை. பிச்சைக்காரன் இடுப்பில் கிழிந்து தொங்கியது கூறை. கோயிலில் விளக்குப் போடுகிறவனுக்கும் பூக்கட்டுகிறவளுக்கும் சோறும் கூறையும் கொடுக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்களாம். வயிற்றுக்குச் சோறு, மானத்துக்குக் கூறை. இந்த இரண்டும் இருந்தால் ஒரு மனுஷன் உயிரோடு நடமாடலாம் என்று கணக்கு. அந்தச் சாதாரணத் துணி எத்தனையோ நூறு வருஷம் நடந்து நடந்து வந்து, எங்கள் பக்கத்தில் மணப்பெண் உடம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இனி நான் வேறு யார் உடம்புக்கும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொற்கள் கீழே இறங்கித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நல்ல வாசனை, இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. இதுவோ வழிப்போக்கன் இடுப்பிலிருந்து மணவறைக்கு ஏறிப்போன சொல். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்பது மறந்து “அடி சக்கை!” என்று சொல்லிவிட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் அங்கேதான் கண்டேன். கூறு போட்டது கூறை. நெய்து முடித்த நீளத்திலிருந்து ஒருத்திக்கு வேண்டியதைக் கூறாக்கி எடுத்தது. அப்படிப் பார்த்தால், துணித்தது துணி, துண்டித்தது துண்டு, அந்தக் காலத்தில் துணிக்கு அறுவை என்றே ஒரு பேர், அதுவும் அறுத்தது. நம் முன்னோர் துணிக்கு வைத்த பேரில் பாதி, வெட்டின வெட்டைச் சொல்லுகிற பேர்! பண்டிதர்கள் வேறு மாதிரியும் சொல்லக்கூடும். சொல்லிக்கொள்ளட்டும். பனியன் வெட்டுகிற ஊரில் பிறந்த எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

மறுநாள் காலை முன்கூடத்தில் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். எங்களோடு பிசிர் வெட்டும் மூலனூர்க்காரி ஒருத்திக்குக் கண் விரிந்துவிட்டது.

“ஏனுங்க, அப்ப எங்கூர்ச் சந்தைல முருங்கைக்காயைக் கூறு கட்டி வெச்சு விக்கறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுங்களா?”

“ஒண்ணேதான்! முருங்கைக்காயும் கூறைச் சேலையும் அக்கா தங்கச்சி!”

அத்தை தலையைத் தூக்கவில்லை. “பனியனைக் கைல வெச்சுக்கிட்டு வாயிலயே தறி நெய்யறா பாரு. அகராதி புடிச்சவ. ஏனம்மிணி, அந்தக் கக்கத்துப் பிசிரு உங்க புஸ்தகத்துக்குத் தெரியலையாக்கும்?”

தெரியவில்லைதான். வெட்டாமல் விட்டிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கூறையின் மேல் எனக்கு இவ்வளவு வெறி இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதுதான் பெரிய காரணம். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் சபையில் சேர்ந்து நிற்பார்கள். கூறையின் ஒரு தலைப்பு அண்ணன் கையில், மறு தலைப்பு தங்கை கையில். உனக்கு ஒருத்தி வந்துவிட்டாலும் நான் இருக்கிறேன், எனக்கு நீ இருக்கிறாய் என்று ஊரறியச் சொல்வது அது. சீர் முடிந்ததும் அந்தக் கூறை பெண்ணிடம் போகும். அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. பாவாடை கட்டின வயதிலேயே அம்மாவின் பழஞ்சேலையின் ஒரு நுனியை அவன் கையில் திணித்து, மறு நுனியை நான் பிடித்து, “அசையாம நில்லுண்ணா” என்று மிரட்டி விளையாடியிருக்கிறேன். என் சொந்தக் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படி நாள் எண்ணியதில்லை.

எங்கள் வகையறாவில் இதோடு ஒரு வழக்கமும் சேர்ந்தது. கூறைக்கு முந்தானை ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு, நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நெய்யாமலே விட்டுத் தறியிலிருந்து இறக்கச் சொல்வோம். கல்யாணத்தன்று காலையில் இணைச்சீர் நிற்கிறவள் குளித்துவிட்டு வந்து அந்த நூல்களைக் கொத்துக் கொத்தாக எடுத்துக் குஞ்சம் முடிய வேண்டும். அதுவரை அதன்மேல் கத்திரி படக்கூடாது. ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. “படப்படாதுன்னா படப்படாது” என்பார் அத்தை. என் அப்பாவுக்கு இணைச்சீர் நின்றவர் அவர். அதனால் சீர் விஷயத்தில் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கூறை வந்தது. நெசவுக்காரர் தாமே கொண்டுவந்து, மஞ்சள் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் தட்டில் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மாவும் அத்தையும் தேங்காய் பழம் வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முன்கூடத்தில் நானும் வெள்ளை வெளேரென்று குவிந்திருந்த பனியன்களும்தான்.

பார்க்காமல் இருக்க முடியுமா? தட்டோடு எடுத்துவந்து மடியில் விரித்தேன். அடேயப்பா, என்ன நிறம்! அரக்கில் கைவிட்டால் கை சிவந்துவிடும்போல இருந்தது. உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தடவினேன். வெளிச்சத்தில் பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்த்தேன். கரையைத் திருப்பினேன். மனசு மட்டும் எங்கோ இருந்தது. இணைச்சீர் சபையில் நின்றுகொண்டு, இது பிச்சைக்காரனும் உடுத்திய பேர் ஆக்கும், கோயில் கூலியாக வாங்கிய பேர் ஆக்கும் என்று அண்ணன் காதில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்குக் கை வேலை செய்தது. முந்தானை ஓரம் வந்தது. நூல் தொங்கியது.

கிறுக் கிறுக் கிறுக் என்று சத்தம் கேட்டது.

என் கத்திரிதான். பாதி ஓரம் வந்த பிறகுதான் கேட்டது. மடியெல்லாம் அரக்கு நூல்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பனியனில் பிசிர் பார்த்த கை. தொங்குகிற நூலைக் கண்டால் வெட்டத்தான் தெரியும் அதற்கு. இதை அத்தையிடம் சொன்னால் புரிந்துகொள்வாரா? கத்திரி பட்ட கூறை. குஞ்சம் முடியப் பாதி நூல்தான் இருக்கிறது. இணைச்சீருக்கு இவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவார். அதைவிடப் பயம், அண்ணன் வாழ்க்கைக்கு ஏதாவது வந்துவிட்டால்? பெருமாளே, முருகா, என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். சேலையை வெட்டுப் பட்ட பாதி உள்ளே போகும்படி மடித்துத் தட்டில் வைத்தேன். அரக்கு நூலைப் பொறுக்கிப் பிசிர்க் கூடைக்குள் அமுக்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்து நெசவுக்காரர் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். தறிக்கு மேலே முருகன் படம், அதற்குச் செவ்வரளி மாலை. நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு “முருகா!” என்று ஒருமுறை சொன்னார். பிறகு சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

“இன்னொண்ணு நெய்ய முடியுங்களா?”

“நாலு நாள்லயா? முருகனே வந்து பாவு போட்டாலும் ஆகாதுங்க அம்மிணி. ஏனுங்க இப்படிப் பயப்படறீங்க? கத்திரி படாத சேலை ஒலகத்துல ஏதுங்க? தறியிலிருந்து நாங்களே அறுத்துத்தானுங்க உங்க கைல குடுத்தோம்.”

அழுகை நின்றுவிட்டது. “என்ன சொன்னீங்க? அறுத்தா?”

“ஆமாங்க. சேலை அறுத்தாச்சான்னுதான் எங்க சனம் கேக்கும். வெட்டியாச்சான்னு கேக்கமாட்டோம்.”

அறுவை! அகராதியில் நூறாண்டு நூறாண்டாகச் செத்துக் கிடக்கிற சொல் என்று நினைத்திருந்தேன். அதன் உயிர் பஸ்ஸில் அரைமணி தூரத்தில் தறிக்குழிக்குள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. வந்த காரியம் மறந்து நான் அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன். பாவம் அவர், இந்தப் பெண்ணுக்குப் பயத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்து மனைவியிடம் மோர் கொண்டுவரச் சொன்னார்.

மோரைக் குடித்த பிறகு அவரே வழி சொன்னார். “முந்தானை ஓரத்துல குறுக்கு இழையை ஒண்ணொண்ணா உருவுங்க. உருவ உருவப் பாவு நூல் தன்னால வெளிய வரும். நாலு விரக்கடை உருவினா நாலு விரக்கடைக்குப் புது நூல். ஒரு சாண் வராது, ஆனா முடி போடலாம். சேலை கொஞ்சம் குட்டையாகும், அம்புட்டுத்தான்.”

“நீங்க வந்து உருவிக் குடுங்க.”

“அது மட்டும் கேக்காதீங்க. நெய்த கையால பிரிக்க மாட்டேனுங்க.”

வீடு திரும்பியபோது அத்தை கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். கையில் கூறை. இன்னொரு கையில் பிசிர்க் கூடை. வெள்ளைப் பிசிருக்குள் ஓர் இழை அரக்கு இருந்தால் அந்தக் கண்ணுக்குத் தப்புமா? அம்மா ஒரு மூலையில், அண்ணன் பின்கட்டு வாசலில், பெண்கள் எல்லாரும் சுவரோடு சுவராக.

“இது பனியன் நூலா?” என்றார் அத்தை.

“இல்லீங்கத்தை.”

“யாரு வெட்டுனது?”

“நான்தானுங்க. வேணும்னு வெட்டலீங்க, கை…”

“கையா? கைக்கு மேல தலைன்னு ஒண்ணு இருக்குதில்ல? கூறுகெட்டவளே!”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என்னால் முடியவில்லை.

“அத்தை, கூறுகெட்டவள்ங்கறதும் அதே கூறுதானுங்க! கூறைன்னாலே கூறு போட்டதுதானுங்க, வெட்டுனதுதானுங்க. நெசவுக்காரர்கூட அறுத்துத்தான் குடுத்தேங்கறாரு. கத்திரி படாட்டி அது கூறையே ஆகாதுங்க, அந்தக் காலத்துல பிச்சைக்காரன் துணியைக்கூடக் கூறைன்னு…”

“பிச்சைக்காரனா!” அத்தைக்கு முகம் சேலை நிறத்துக்கு வந்துவிட்டது. “என்ற தம்பி மவன் கண்ணாலத்துக் கூறையைப் பிச்சைக்காரன் துணிங்கறயா? போதும்டி உன்ற அகராதி. இணைச்சீருக்கு நீ நிக்க வேண்டாம். உங்க பெரியப்பன் மவ இருக்கா, அவ நிக்கட்டும். அவளுக்கு அறிவு இருக்குது.”

இத்தனை நாள் படித்த ஒரு சொல்லாவது உதவிக்கு வரவேண்டுமே? வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பனியன் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அண்ணன், “அத்தை, அவ நிக்காட்டி நானும் நிக்கலீங்க” என்று சொன்னது கேட்டது. “நீ சும்மா இரு” என்று அத்தை அவனையும் அடக்கியது கேட்டது. அத்தை நிறுத்தவில்லை. சேலையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி, எங்கப்பன் காலத்து ஒழுங்கு என்ன, எங்கம்மா காலத்துச் சுத்தம் என்ன, இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குத் தொங்குற நூல் எது, தொடக்கூடாத நூல் எதுன்னு தெரியுதா என்று வைதுகொண்டே போனார்.

திடீரென்று வசவு நின்றது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாரும் அத்தையின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுட்டுவிரலில் அரக்கு நூல் ஒரு சுற்று. பெருவிரல் நகம் அதன்மேல். அவர் காலடியில் சிமெண்டுத் தரையில் ஐந்தாறு அரக்கு நூல்கள். நான் வெட்டாமல் விட்ட மீதிப் பாதியிலிருந்து!

முதலில் வெடித்தது அண்ணன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தான். மூலனூர்க்காரி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அத்தை தன் நகத்தையே பார்த்தார், யாரோ அதை அவருக்குத் தெரியாமல் ஒட்டிவிட்டதைப்போல. பிறகு மெல்ல என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“பாழாப்போன கை” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நெசவுக்காரர் சொன்ன வழியைச் சொன்னேன். அத்தை முந்தானை ஓரத்தை என் மடியில் பாதி, தன் மடியில் பாதியாகப் போட்டார். ஊசி முனையால் முதல் குறுக்கு இழையைக் கிளப்பி, அந்த நகத்தாலேயே பிடித்து உருவினார். நாலு விரற்கடை உருவ அன்று பொழுதும் போயிற்று, மறுநாள் மத்தியானமும் போயிற்று. வெட்டுப்படாமல் நீளமாக நின்ற நூலைக் கடைசியில் புது நூலுக்குச் சமமாகக் கத்திரிக்க வேண்டியிருந்தது. அத்தையே என் இடுப்புக் கத்திரியை வாங்கி, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெட்டினார்.

மறுநாள் உருவிக்கொண்டிருக்கும்போது அவராகத்தான் பேசினார்.

“பிச்சைக்காரன் துணியும் கூறைதான்னு நெசமாவே உன்ற புஸ்தகத்துல போட்டிருக்குதா?”

“ஆமாங்கத்தை.”

“உங்கப்பன் கண்ணாலத்துல கூறை இரவல், தெரியுமா உனக்கு?”

எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

“ஒலகச் சண்டைக் காலம். துணிக்குக் கூப்பன். காசு இருந்தாலும் பட்டு ஏது, நூலே ஏது? ஒறம்பரைச் சனத்து ஊட்டுல ஒரு கூறையை இரவல் வாங்கியாந்து சீர் பண்ணுனோம். உங்கம்மா தாலி வாங்குற மட்டும் கட்டியிருந்தா. பொழுதோட அவுத்துக் குடுத்துத் தாட்டி விட்டோம். அதுல வேற எவளோ முன்னாடியே முடி போட்டிருந்தா, கண்ணு. நான் தலைப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், அம்புட்டுத்தான். என்ற கையால ஒரு முடி போடலை.”

அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அம்மாவின் பெட்டியில் ஏன் கூறை இல்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பூச்சி அரித்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லார் முன்னாலும் பிச்சைக்காரன் துணி என்று கத்தினேனே, அது யார் யார் மேலெல்லாம் போய் விழுந்திருக்கும்! வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அத்தைக்கு அந்த ஒரு சாண் நூல் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை பொருள் எண் போட்ட அகராதியிலும் இரவல் கூறை இல்லை.

“நீயே நில்லு கண்ணு” என்றார் அத்தை, தலையைத் தூக்காமல். “பெரியப்பன் மவளுக்கு நான் சொல்லிக்கறேன்.”

கல்யாணத்தன்று காலையில் கொமரலிங்கத்தில் ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கூறையை மடியில் போட்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள். பத்து நூல் எடுத்து, முறுக்கி, முதல் முடி போட்டேன். இரண்டாவது போட்டேன். அதற்கு மேல் என்னால் தனியாக முடியவில்லை.

“அத்தை, இங்க வாங்க.”

“என்னாச்சு? இழுத்துப்போட்டயா?”

“இல்லீங்க. நடுவுலிருந்து அந்தப் பக்கம் பூரா உங்க கூறு. போடுங்க.”

இணைச்சீர் நிற்பவள்தானே முடிய வேண்டும் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். “எங்கப்பனுக்கு இணைச்சீர் நின்னவங்கதானுங்க இவங்க. அன்னிக்குப் போடாத முடி பாக்கி இருக்குது” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் போட்ட முடி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எல்லாம் ஒரே அளவு, பனியன் அடுக்கினமாதிரி.

பிறகு சபை. மேளம். அண்ணன் கையில் ஒரு தலைப்பு, என் கையில் குஞ்சம் வைத்த தலைப்பு. இதைத்தானே ஆறு வயதில் விளையாடினோம் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் நேரே பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னான்:

“அம்மிணி, என்ற தலைப்புல ஒரு நூல் தொங்குது.”

“பேசாம நில்லுண்ணா.”

“பார்த்துட்டே எப்படி நிக்கறது?”

அவன் விரல் மெல்ல அந்த நூலை நோக்கி நகர்ந்தது. சபை முழுக்கப் பார்க்கிறது, மேளக்காரர் வேறு அப்போதுதான் நிறுத்தியிருந்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வாயைத் திறந்தால் மானம் போகும்.

“டேய், கையை எடு!”

கூட்டத்தின் நடுவிலிருந்து அத்தையின் குரல். சொல்லிவிட்டுத் தன் இடது கையை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.